வெள்ளை வெளிச்சத்தின் கதை: சீமெண்ணெயிலிருந்து கரிம விளக்கு வரை, பழவேற்காடு வழியாக

பழவேற்காடு ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவ ஊர் இருக்கிறது. பெயர் லைட்ஹவுஸ் குப்பம். தமிழ்ப் பெயரும் இல்லை, சாமி பெயரும் இல்லை. ஒரு விளக்கின் பெயரையே ஊருக்கு வைத்துவிட்டார்கள். அங்கே முதல் கலங்கரை விளக்கம் வந்தது 1859-ல். பழவேற்காட்டுக்கு எதிரே கடலுக்குள் இருக்கும் மணல்திட்டில் கப்பல்கள் மோதிவிடக் கூடாது என்பதற்காகக் கட்டப்பட்டது.

வேடிக்கை என்னவென்றால், அந்த விளக்கு போட்ட வெளிச்சம் கடலுக்குத்தான், குப்பத்துக்கு இல்லை. தூரத்தில் போகிற கப்பலுக்கு ஒளி; அதன் அடியிலேயே குடியிருந்தவர்களுக்கு எண்ணெய்த் திரி. (விளக்கின் கீழே இருட்டு என்று சும்மாவா சொன்னார்கள்!) அந்தக் காலத்தில் விளக்குக்கு ஊற்றியது பெரும்பாலும் தாவர எண்ணெய்தான். சென்னையில் 1796-ல் கோட்டைக்குள் ஏற்றிய முதல் கலங்கரை விளக்கமே தேங்காய் எண்ணெயில்தான் எரிந்தது. ஆமணக்கு எண்ணெய்க்கு 'விளக்கெண்ணெய்' என்று பெயர் வந்ததும் இதனால்தான். இன்று அந்தப் பெயர் வசவாக மட்டும் மிஞ்சியிருக்கிறது, அது வேறு கதை.

அப்புறம் சீமெண்ணெய் வந்தது. சென்னைப் பக்கத்துப் பேச்சில் கிருஷ்ணாயில். சிம்னி, அரிக்கேன், காடா விளக்கு என்று விதவிதமாக எரிந்தாலும் எல்லாவற்றுக்கும் நிறம் ஒன்றுதான், மஞ்சள். திரியின் சுடரில் இருக்கும் கரித்துகள்கள் சூடேறி ஒளிர்வதால் வரும் வெளிச்சம் அது. அந்தச் சூட்டுக்கு நீல நிறம் மிகக் குறைவாகவே வரும். நீலம் இல்லாமல் வெள்ளை கிடையாது.

வெள்ளை வெளிச்சம் எதற்கு, மஞ்சளே போதாதா என்று கேட்கலாம். வீட்டில் உட்கார்ந்து சோறு சாப்பிடப் போதும். மீன் வாங்கப் போதாது. மீன் புதிதா பழசா என்று பார்ப்பவர்கள் முதலில் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். செக்கச் செவேலென்று இருந்தால் புதிது, பழுப்பேறியிருந்தால் பழசு. இறாலிலும் அப்படித்தான், ஓட்டின் நிறம் லேசாக மாறினாலே விலை இறங்கிவிடும். பழவேற்காட்டில் இறால் பிடிப்பு பெரும்பாலும் இரவு வேலை. 'பாடு' என்ற பழைய முறைப்படி கோட்டைக்குப்பம், நடூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களின் மீனவர்கள் ஏரியில் வலை கட்டும் இடங்களைச் சீட்டுக் குலுக்கி முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள். ஒருவருக்கு நல்ல இடத்தில் முறை வருவதே சில நாட்கள்தான். அந்த ராத்திரியில் பிடித்ததை விடிவதற்குள் தரம் பிரித்து விற்கும்போது கண்ணுக்குச் சரியான நிறம் தெரியவில்லை என்றால் நஷ்டம் யாருக்கு? வணிகவியல் படிக்காதவர்களுக்கும் இந்தக் கணக்கு புரியும்.

சீமெண்ணெயிலிருந்து வெள்ளை வெளிச்சத்தைப் பிழிந்து எடுத்தது பெட்ரோமாக்ஸ். இதன் பின்னால் இருப்பவர் ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் ஆவர் ஃபொன் வெல்ஸ்பாக். 1885-ல் அவர் மேண்டில் என்ற வலைத் துணிக்குக் காப்புரிமை வாங்கினார். துணியை உலோக உப்புக் கரைசலில் நனைத்துக் காயவைத்து எரித்தால் துணி போய்விடும், சாம்பல் மட்டும் அதே வடிவத்தில் நிற்கும். அந்தச் சாம்பலைச் சூடாக்கினால் கண்ணைப் பறிக்கும் வெள்ளை. பல வருடம் மாற்றி மாற்றிப் பார்த்து அவர் கடைசியில் வந்து நின்ற கலவை 99 பங்கு தோரியம் ஆக்சைடு, 1 பங்கு சீரியம் ஆக்சைடு. பிறகு பெர்லினில் மாக்ஸ் கிரேட்ஸ் என்பவர் அழுத்தம் கொடுத்து எண்ணெயை ஆவியாக்கி எரிக்கும் விளக்கைக் கொண்டுவந்தார். பெட்ரோலியத்தில் பாதி, மாக்ஸில் மீதி, சேர்த்தால் பெட்ரோமாக்ஸ்.

1984-ல் வந்த 'வைதேகி காத்திருந்தாள்' படத்தில் கவுண்டமணியின் மேண்டிலை செந்தில் தொட்டு உடைப்பாரே, அது வெறும் காமெடி இல்லை, சுத்தமான வேதியியல்! எரிந்த மேண்டில் என்பது துணியே இல்லை, சாம்பல் கூடு. தொட்டால் உதிரத்தான் செய்யும்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு தமிழ்நாட்டுத் தொடர்பும் உண்டு. மேண்டிலுக்கான தோரியம் மோனசைட் மணலிலிருந்து வந்தது. 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், இந்தியாவிலிருந்து இறக்குமதியான கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டார். மணல் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால், மணவாளக்குறிச்சி. அன்று திருவிதாங்கூர், இன்று கன்னியாகுமரி மாவட்டம். அங்கேயே ஆலையும் வைத்தார். முதல் உலகப் போர் வந்ததும், ஜெர்மன்காரர் என்பதால் அது அவர் கையை விட்டுப் போனது. ஒரு கடற்கரையின் மணல் ஐரோப்பாவுக்குப் போய் மேண்டிலாகித் திரும்ப வந்து கடற்கரைகளிலேயே எரிந்த கதை இது.

சரி, கரிம விளக்குக்கு வருவோம்.

கரிம வேதியியல் என்றால் கார்பன் சேர்மங்களின் வேதியியல். (ஆர்கானிக் கடையில் விற்கும் கத்தரிக்காய் அல்ல. ஆனாலும் காய்கறி இந்தக் கதைக்குள் பின்னால் வரப்போகிறது.) கார்பன் சேர்மம் சூடே இல்லாமல் ஒளிர முடியும் என்பது இரவில் கடலில் வலை இழுப்பவர்களுக்குப் புதிய செய்தி அல்ல. 2019 ஆகஸ்ட் 18 இரவு சென்னைக் கடற்கரையில் அலைகள் நீலமாக மின்னியதைப் பார்க்கக் கூட்டம் கூடியது நினைவிருக்கலாம். நொக்டிலூகா என்ற கண்ணுக்கு எளிதில் தெரியாத நுண்ணுயிரியின் வேலை அது. அதன் உடலில் இருக்கும் லூசிஃபெரின் என்ற கரிமப் பொருள் ஆக்சிஜனோடு சேரும்போது சக்தி வெப்பமாகப் போகாமல் ஒளியாக வருகிறது. ஆனால் அது நீலம்தான். மின்மினி என்றால் பச்சை கலந்த மஞ்சள். நல்ல வெள்ளையை இயற்கை இப்படித் தருவதில்லை.

ஆந்த்ரசீன் என்று ஒரு பொருள். நிலக்கரித் தாரிலிருந்து கிடைப்பது. புற ஊதா ஒளி பட்டால் நீலமாக ஒளிரும். 1930-களில் கல்கத்தாவில் இதுபோன்ற கரிமப் படிகங்களின் காந்தப் பண்புகளையும் ஒளிப் பண்புகளையும் துருவித் துருவி ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் கே.எஸ். கிருஷ்ணன். ராமன் விளைவுக் கண்டுபிடிப்பில் ராமனோடு உழைத்தவர், வத்திராயிருப்புக்காரர். அன்று அது விளக்குக்கான ஆராய்ச்சியாக இல்லை. படிகத்துக்குள் மூலக்கூறுகள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று தெரிந்துகொள்ளும் ஆவல், அவ்வளவுதான்.

அதே ஆந்த்ரசீன் படிகத்தில் மின்சாரம் செலுத்தி ஒளி வரவழைத்தார் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் போப். வருடம் 1963. தேவைப்பட்ட மின்னழுத்தம் சுமார் 400 வோல்ட்! நம் வீட்டு மின்சாரமே 230 வோல்ட்தான். ஆய்வுக்கூட அதிசயமாகவே அது கிடந்தது.

திருப்பம் வந்தது 1987-ல், கோடாக் நிறுவனத்தில். ஹாங்காங்கில் பிறந்த சிங் டாங் என்பவரும் ஸ்டீவன் வான்ஸ்லைக் என்பவரும் ஒரே தடித்த படிகத்துக்குப் பதிலாக இரண்டு மெல்லிய படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவைத்தார்கள். ஒன்று நேர்மின் துளைகளைக் கடத்தும், இன்னொன்று எலக்ட்ரான்களைக் கடத்தும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒளி. படலங்களின் மொத்தத் தடிமன் தலைமுடியை விட நூற்றுக்கணக்கான மடங்கு குறைவு. அதனால் 10 வோல்ட்டுக்கும் கீழேயே ஒளிர்ந்தது. நிறம் பச்சை. மூன்று வருடம் கழித்து, 1990-ல், கேம்பிரிட்ஜில் ரிச்சர்ட் ஃப்ரெண்ட் குழுவினர் பிளாஸ்டிக் வகைப் பொருளிலும் இதைச் செய்து காட்டினார்கள்.

கோடாக்கைப் பற்றி ஒரு வரி சொல்லாமல் போனால் மனசு கேட்காது. டிஜிட்டல் கேமராவை 1975-லேயே செய்து பார்த்த கம்பெனி. ஓ.எல்.இ.டி.க்கு அடித்தளம் போட்டதும் அதே கம்பெனி. ஃபிலிம் வியாபாரம் கெட்டுவிடுமோ என்று ஒன்றைத் தள்ளிவைத்தார்கள். இன்னொன்றை 2009-ல் எல்.ஜி.க்கு விற்றார்கள், 2012 ஜனவரியில் திவால் மனு போட்டார்கள். மேலாண்மைப் பாடப் புத்தகங்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

பச்சை வந்தாயிற்று. வெள்ளை? வெள்ளை ஒளி தரும் ஒற்றைப் பொருளைத் தேடினால் கிடைப்பது அபூர்வம். அதனால் ஜப்பானில் யமகதா பல்கலைக்கழகத்தின் ஜுன்ஜி கிடோ வேறு வழியில் போனார். நீலம், பச்சை, சிவப்பு மூன்றையும் ஒரே அடுக்குக்குள் வைத்துவிட்டால்? டி.பி.டி. என்ற பொருள் நீலம், அலுமினியம் சேர்ந்த ஒரு பொருள் பச்சை, 'நைல் ரெட்' என்ற சாயம் சிவப்பு. நடுவில் தடுப்புப் போல ஒரு படலம். அந்தத் தடுப்பு எல்லாச் சந்திப்பும் ஒரே இடத்தில் நடந்துவிடாமல் பார்த்துக்கொள்ளும். 1995-ல் 'சயின்ஸ்' இதழில் இது வெளியானது. 15, 16 வோல்ட்டில் பளிச்சென்ற வெள்ளை. உலகத்தில் கரிமப் பொருளிலிருந்து வந்த முதல் பிரகாசமான வெள்ளை ஒளிகளில் அதுவும் ஒன்று என்று சொல்லலாம்.

பளிச்சென்று இருந்ததே தவிரச் சிக்கனம் இல்லை. அதற்குக் காரணம் குவாண்டம் இயற்பியல். எலக்ட்ரானும் துளையும் சந்திக்கும்போது நான்கு விதமாகச் சேரலாம். அதில் ஒரே ஒரு விதம்தான் ஒளி தரும், மற்ற மூன்றும் வெப்பமாகப் போய்விடும். பாடு முறையில் நாலு பேர் சீட்டு எடுத்து ஒருவருக்கு மட்டும் இடம் கிடைத்து, மற்ற மூவர் வெறுங்கையோடு வீடு திரும்புவது மாதிரி. 1998-ல் ஸ்டீபன் ஃபாரஸ்ட், மார்க் தாம்சன் குழுவினர் பிளாட்டினம் சேர்ந்த ஒரு மூலக்கூறைக் கலந்து அந்த மூன்றையும் ஒளியாக்கும் வழியைக் கண்டார்கள். பிறகு இரிடியம் வந்தது. 2012-ல் ஜப்பானின் சிஹாயா அடாச்சி விலை உயர்ந்த உலோகமே இல்லாமல் அதைச் செய்தார்.

இன்னொரு இழப்பும் உண்டு. உண்டான ஒளியில் ஐந்தில் ஒரு பங்குதான் கண்ணாடியை விட்டு வெளியே வரும். மீதி உள்ளேயே திரும்பத் திரும்பப் பிரதிபலித்து வீணாகும். தண்ணீருக்கடியில் முங்கி மேலே பார்த்தால் தலைக்கு மேல் ஒரு வட்டத்தில்தான் வானம் தெரியும், சுற்றிலும் தண்ணீர் கண்ணாடி போல இருக்கும் அல்லவா, அதே சமாச்சாரம். 2009-ல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர ஆராய்ச்சியாளர்கள் கண்ணாடியை மாற்றி, இந்த இழப்பைக் குறைத்து, ஒரு வாட்டுக்கு 90 லூமென் வரை கொண்டுவந்தார்கள். ட்யூப்லைட்டை எட்டிய வெள்ளைக் கரிம விளக்கு அது. குண்டு பல்ப் தருவது 12 முதல் 15 லூமென்தான்.

லூமென் கணக்கெல்லாம் மீனவருக்கு எதற்கு? இருக்கிறது. பழவேற்காட்டுக்குத் தெற்கே அத்திப்பட்டில் வடசென்னை அனல் மின் நிலையம் 1990-களில் வந்தது. பக்கத்திலேயே வல்லூர் மின் நிலையம். சாம்பல் குழாய்கள் கசிந்து கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தில் படிந்ததும், சுடுநீர் கலந்ததும், இறால் குறைந்ததும் எண்ணூர் மீனவர்கள் பல வருடமாகப் போராடும் விஷயம். அந்தக் கழிமுகத்தையும் பழவேற்காடு ஏரியையும் பக்கிங்காம் கால்வாய் இணைக்கிறது. ஆக, நகரத்துக்கு வெளிச்சம் போகிறது, சாம்பல் தண்ணீருக்கு வருகிறது. 1859-ல் இருந்த அதே கதை, அளவுதான் பெரிசு.

ஒரு சின்னக் கணக்கு. 60 வாட் குண்டு பல்ப் ஒன்று தினம் 5 மணி நேரம் எரிந்தால் 0.3 யூனிட். அதே வெளிச்சம் தரும் 9 வாட் எல்.இ.டி.க்கு 0.045 யூனிட். வருடத்துக்கு மிச்சம் சுமார் 93 யூனிட். ஒரு யூனிட்டுக்கு 650 கிராம் நிலக்கரி என்று வைத்தால் 60 கிலோ. இந்திய நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்காவது சாம்பல். ஆக, ஒரு பல்பை மாற்றினால் வருடத்துக்கு 20 கிலோ சாம்பல் குறைகிறது. ஒரு தெருவுக்கு, ஒரு நகரத்துக்குப் பெருக்கிப் பாருங்கள்.

இந்தப் பந்தயத்தில் கரிம விளக்கு தோற்றது இங்கேதான். 1990-களில் ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் ஷுஜி நகமுரா பிரகாசமான நீல எல்.இ.டி.யைச் செய்தார். அதன்மேல் மஞ்சள் ஒளி தரும் பூச்சு ஒன்றைத் தடவினால் வெள்ளை. (அந்தப் பூச்சிலும் சீரியம்தான்! மேண்டிலில் 1 பங்கு இருந்த அதே ஆசாமி.) நீல எல்.இ.டி.க்காக நகமுரா, அகாசாகி, அமானோ மூவருக்கும் 2014-ல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தியாவில் அரசு மொத்தக் கொள்முதல் செய்ததில் ஒரு எல்.இ.டி. பல்பின் கொள்முதல் விலை 2014-ல் 310 ரூபாயிலிருந்து 2016-ல் 38 ரூபாய்க்கு இறங்கியது. எந்தப் போட்டியாளரும் இதற்கு முன்னால் நிற்க முடியாது. பிலிப்ஸ் தன் கரிம விளக்குத் தொழிலை 2015-ல் ஓ.எல்.இ.டி. வொர்க்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்துக்கு விற்றுவிட்டது.

விலை மட்டும் காரணம் இல்லை. கரிமப் படலங்களுக்கு ஈரமும் ஆக்சிஜனும் ஜென்ம விரோதி. துளி ஈரம் உள்ளே போனால் கரும்புள்ளி விழுந்து பரவும். உப்புக் காற்றில் சைக்கிள் செயினே துருப்பிடிக்கும் குப்பத்தில் இது எத்தனை நாள் தாங்கும்? போதாததற்கு நீலம் தரும் மூலக்கூறுகள் சீக்கிரம் சாகும். நீலம் முதலில் மங்கினால் வெள்ளை மறுபடி மஞ்சளாகிவிடும். சுற்றிச் சுற்றி சீமெண்ணெய்க்கே வந்த மாதிரி :-)

ஆனால் எல்.இ.டி. முழுசாக ஜெயித்துவிட்டதா என்றால், மீன் கடையில் இல்லை. மலிவான எல்.இ.டி.யின் வெள்ளையில் நீலம் தூக்கலாகவும் சிவப்புக் குறைவாகவும் இருக்கும். கண்ணுக்கு வெள்ளைதான், ஆனால் செவுளின் சிவப்பு அதில் செத்துப்போய்த் தெரியும். புது மீனே பழசு மாதிரி இருக்கும். நல்ல கரிம விளக்கில் ஊதா முனையிலிருந்து சிவப்பு முனை வரை நிறங்கள் அகலமாகப் பரவியிருப்பதால் பொருட்கள் பகல் வெளிச்சத்தில் இருப்பது போலவே தெரியும். வெள்ளை என்று ஒரே வார்த்தைதான் இருக்கிறது, வெள்ளைகள் பல இருக்கின்றன.

காய்கறிக்கு வருவோம். பழவேற்காட்டிலிருந்து சுமார் 60 கி.மீ. தள்ளி, சென்னை ஐ.ஐ.டி. வேதியியல் துறையில் விக்ரம் சிங், அசோக் குமார் மிஸ்ரா இருவரும் 2015-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். மாதுளை, மஞ்சள் இவற்றின் சாறுகளைச் சற்றே அமிலம் சேர்த்த எத்தனாலில் எடுத்து, சரியான அளவில் கலந்து, புற ஊதா ஒளியைக் காட்டினார்கள். வந்தது வெள்ளை! மாதுளையின் பாலிஃபீனால்கள் நீலம் தருகின்றன. சக்தியில் கொஞ்சத்தை மஞ்சளில் உள்ள குர்குமினுக்குக் கைமாற்ற அது பச்சை தருகிறது. அது மாதுளையின் ஆந்தோசயனினுக்கு மாற்ற, சிவப்பு. கிடோ படலம் படலமாக அடுக்கியதை இவர்கள் ஒரே குப்பிக்குள் சமையல் மாதிரிச் செய்துவிட்டார்கள். நிற வரைபடத்தில் சுத்த வெள்ளைக்கு எண் 0.33, 0.33. இவர்களுக்குக் கிடைத்தது 0.35, 0.33. கூட்டாக ஜெலட்டினில் கலந்து கூழ் வடிவத்திலும் செய்து பார்த்தார்கள்.

செய்தித்தாள்கள் அப்போது இதைக் கொஞ்சம் கூடுதலாகவே கொண்டாடின. இது மின்சாரத்தில் எரியும் விளக்கு அல்ல. புற ஊதா ஒளி வெளியிலிருந்து வேண்டும். தாவரச் சாயங்கள் வெளிச்சத்தில் வெளுத்துப்போகும் குணமும் உண்டு. ஆனாலும் தோரியமோ இரிடியமோ எதுவும் தோண்டாமல், சந்தையில் கிடைக்கும் இரண்டு சரக்கில் வெள்ளை ஒளி என்பது சாதாரண விஷயம் இல்லை.

கரிம வெள்ளை ஒளி கடைசியில் பிழைத்துக்கொண்டது விளக்காக அல்ல, திரையாக. 1997-ல் பயனியர் நிறுவனத்தின் கார் ஆடியோ, 2007-ல் சோனியின் 11 அங்குல டி.வி., 2013-ல் எல்.ஜி.யின் 55 அங்குல டி.வி. அந்த எல்.ஜி. டி.வி.யின் உள்ளே இருப்பது உண்மையில் வெள்ளை ஒளிதான். அதன்மேல் வண்ண வடிகட்டிகள். கோடாக் விற்றது எங்கே போய்ச் சேர்ந்தது பாருங்கள். ஃபோன் திரைகளிலும் இதே குடும்பம்தான், அங்கே மூன்று நிறங்களும் தனித்தனிப் புள்ளிகளாக.

பழவேற்காட்டுப் படகிலும் இன்று அதே மாதிரி ஃபோன்கள் இருக்கின்றன. ஈரம் புகாமல் பாலித்தீன் பையில் கட்டி வைத்துக்கொள்கிறார்கள். வலையைப் பார்க்க நெற்றியில் எல்.இ.டி. டார்ச், இறால் விலை கேட்கக் கையில் கரிம வெளிச்சம். தெற்கே மின் நிலையப் புகைபோக்கிகளின் சிவப்பு விளக்குகள். வடக்கே ஸ்ரீஹரிகோட்டா, ராக்கெட் கிளம்பும் இரவில் ஏரி முழுக்க ஒரு நிமிடம் பகலாகும், ஆனால் அன்று அந்தப் பக்கம் மீன்பிடிக்கப் போக அனுமதி கிடையாது.